பழைய எஸ்ஏபியை யூனிகோடுக்கு மாற்றுவது எப்போது?

கணக்கு, கொள்முதல், கிடங்கு, சம்பளம், விற்பனை என ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலை முழுவதையும் ஒரே தரவுத்தளத்தின் மேல் ஓட்டும் மென்பொருளை ஈஆர்பி என்பார்கள். ஜெர்மனியில் 1972இல் தொடங்கிய எஸ்ஏபி இந்தத் துறையின் பெரிய பெயர். அதன் ஆர்/3 பதிப்பு 1992இல் சந்தைக்கு வந்தது. யூனிகோட் கூட்டமைப்பு பதிவானதும், யூனிகோடின் முதல் பதிப்பு வெளியானதும் அதற்கு முந்தைய ஆண்டில்தான். அதனால் ஆர்/3இன் அடித்தளம் யூனிகோடைக் கணக்கில் எடுக்காமலே போடப்பட்டது. அதை வாங்கி நிறுவியவர்களின் தரவுத்தளங்களில் வாடிக்கையாளர் பெயர், பொருள் விவரம், முகவரி எல்லாம் ஆண்டுக்கணக்கில் பழைய குறியீடுகளிலேயே சேர்ந்துகொண்டு வந்தன. 2000களின் தொடக்கத்தில் எஸ்ஏபி தன் மென்பொருளை யூனிகோடிலும் தரத் தொடங்கியது. மாறுவதா, மாறினால் எப்போது என்ற கேள்வி அன்று எழுந்தது. பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்கு அது இன்றும் தீரவில்லை.

கணினியில் ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். முதல் 128 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் இருக்கும். அதுதான் ஆஸ்கி, உலகம் முழுக்க ஒன்றுபோல இருப்பது. மீதி 128 இடங்களில் எந்த எழுத்து வரும் என்பதை கோட் பேஜ் எனப்படும் பட்டியல் தீர்மானிக்கும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு லத்தீன்-1, போலந்து, ஹங்கேரி, செக் மொழிகளுக்கு லத்தீன்-2, கிரேக்கத்துக்கும் ரஷ்யனுக்கும் வெவ்வேறு பட்டியல்கள். ஜப்பானிய, சீன எழுத்துகள் 128 இடத்துக்குள் அடங்காதவை என்பதால் அவற்றுக்கு ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் ஷிஃப்ட்-ஜிஸ், பிக்5 போன்ற ஏற்பாடுகள் இருந்தன.

பைட்டைப் பார்த்து அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். போலந்தில் வூட்ஜ் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் போலிஷில் நான்கே எழுத்து. லத்தீன்-2இல் அதைச் சேமித்துவிட்டு லத்தீன்-1 திரையில் திறந்தால், குறுக்குக் கோடு போட்ட எல் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் பிரிட்டிஷ் பவுண்டுக் குறி நிற்கும். கடைசி எழுத்து கால் என்ற பின்னமாகிவிடும். நடுவில் உள்ள இரண்டு எழுத்துகளும் ஒழுங்காகத் தெரியும். அந்த முகவரிக்குப் பொருள் அனுப்பும் கிடங்கு ஊழியருக்குக் கிடைப்பது பவுண்டும் காலும் சேர்ந்த ஓர் ஊர். தரவுத்தளத்தில் இருக்கும் பைட்டுகளோ ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன.

யூனிகோட் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைப்பதில்லை. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அதற்கென ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒன்று அதில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை வட்டில் எழுத இரண்டு முறைகள் பரவலாக வழங்குகின்றன. யூடிஎஃப்-16 பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு பைட் எடுக்கும். யூடிஎஃப்-8 ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஐரோப்பிய சிறப்பெழுத்துகளுக்கு இரண்டு, தமிழ், ஜப்பானிய எழுத்துகளுக்கு மூன்று என்று எடுக்கும். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். படிப்பவர் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனி எண் பெறுவதால் யூனிகோடில் 16 குறிகள். யூடிஎஃப்-16இல் 32 பைட், யூடிஎஃப்-8இல் 48 பைட். இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 17 குறிகள். யூடிஎஃப்-8இல் 17 பைட், யூடிஎஃப்-16இல் 34 பைட். யூனிகோடுக்குப் போனால் தரவு இரண்டு மடங்காகிவிடும் என்று சொல்வது பாதிதான் உண்மை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

எஸ்ஏபி நிறுவனம் தந்த தோராயமான மதிப்பீடுகளும் அதையே சொல்கின்றன. மாற்றத்துக்குப் பிறகு செயலியின் வேலை சுமார் 30 சதவீதமும், நினைவகத் தேவை சுமார் 50 சதவீதமும் கூடலாம். பயன்பாட்டு சர்வரின் நினைவகத்தில் எஸ்ஏபி எப்போதும் யூடிஎஃப்-16ஐப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். வட்டில் இடம் எவ்வளவு கூடும் என்பது தரவுத்தளத்தைப் பொறுத்தது. ஆரக்கிள், டிபி2 போன்றவை யூடிஎஃப்-8 வகையில் சேமிப்பதால் பத்து சதவீத அளவில்தான் வளரும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் இரண்டு பைட் முறையில் வைப்பதால் 30 முதல் 60 சதவீதம் வரை போகலாம். தரவு முழுவதையும் வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றும்போது, பல ஆண்டுகளாக அழித்து எழுதியதில் உண்டான வெற்றிடங்கள் நீங்கிவிடுவதால், வளர வேண்டிய தரவுத்தளம் சில இடங்களில் சிறுத்துப்போவதும் உண்டு. வன்பொருள் செலவைக் காட்டி மாற்றத்தைத் தள்ளிப்போட்ட கூட்டங்கள் ஏராளம். வன்பொருள் விலையோ ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்தது. உண்மையில் செலவு பிடிக்கும் இடம் வேறு.

முதலில், யாருக்கு இந்த மாற்றம் தேவையில்லாமல் இருந்தது என்று பார்க்கலாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் மட்டும் தொழில் நடத்திய ஒரு நிறுவனத்துக்கு லத்தீன்-1 ஒன்றே போதும். எல்லாக் கிளைகளும் ஆங்கிலத்திலேயே பதிவு செய்கிற நிறுவனத்துக்கு அதுவும்கூட வேண்டாம், ஆஸ்கி போதும். இந்தியாவில் எஸ்ஏபி பயன்படுத்தும் பெருநிறுவனங்கள் பல இந்த இரண்டாவது வகை. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் உள்ளே போகும். இப்படி ஒரே கோட் பேஜில் இருந்தவர்கள் 2005 வாக்கில் அவசரப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

நிஜமான சிக்கலில் இருந்தவர்கள் எம்டிஎம்பி வைத்திருந்தவர்கள். ஒரே தரவுத்தளத்தில் பல கோட் பேஜ்களைக் கலந்து வைத்துக்கொள்ள எஸ்ஏபி 1990களில் செய்து கொடுத்த ஏற்பாடு அது. டோக்கியோவில் ஒருவர் ஜப்பானிய மொழியைத் தேர்ந்து உள்ளே நுழைந்தால் சர்வர் அவருக்கு ஜப்பானியப் பட்டியலைப் போடும். வார்சாவில் நுழைபவருக்கு லத்தீன்-2ஐப் போடும். இருவரும் எழுதுவது ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளாக விழும். எந்த வரிசை எந்தப் பட்டியலில் எழுதப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் எங்கும் பதிவாகாது. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஒவ்வொருவரும் தம் மொழிக்குரிய எழுத்துகளை மட்டும் எழுத வேண்டும், எல்லா நாட்டினரும் பார்க்கும் விவரங்களை ஆஸ்கியில் மட்டுமே எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இந்தக் கட்டுப்பாட்டை மீறாமல் இருப்பார்கள் என்று நம்பியதே ஒரு துணிச்சல்தான். ஆங்கிலத்தில் உள்ளே நுழைந்த ஒருவர், குப்பையாகத் தெரியும் ஜப்பானிய முகவரியைத் திருத்திச் சேமித்துவிட்டால் அந்த முகவரி போனது போனதுதான்.

எம்டிஎம்பிக்கு எஸ்ஏபியே முடிவு கட்டியது. ஆர்/3இன் வழிவந்த ஈசிசியின் 6.0 பதிப்பு 2005இல் வந்தது, அதிலிருந்து எம்டிஎம்பிக்கு ஆதரவு இல்லை. அப்படிப்பட்ட நிறுவனம் பழைய பதிப்பில் தேங்கி நிற்க வேண்டும், அல்லது யூனிகோடுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்தும் நெருக்கடிகள் வந்தன. சீன அரசு ஜிபி18030 என்ற தன் எழுத்துத் தரத்தைக் கட்டாயமாக்கியது. ஜாவாவில் எழுதப்பட்ட புதிய இணையக் கூறுகள் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் இயங்கியதால், யூனிகோட் அல்லாத பழைய அமைப்போடு அவற்றை இணைக்கும் இடங்களிலெல்லாம் எழுத்துகள் உதிர்ந்தன. யூனிகோடிலிருந்து பழைய பட்டியலுக்கு வரும் ஓர் எழுத்துக்கு அங்கே இடமில்லை என்றால் அதன் இடத்தில் ஹாஷ் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். எஸ்ஏபி திரைகளில் வரிசை வரிசையாக ஹாஷ் குறிகளைப் பார்த்துப் பழகாத ஆலோசகர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

மாற்ற வேலை இரண்டு பெரும் பகுதிகள் கொண்டது: புரோகிராம்கள், தரவு.

எஸ்ஏபியின் சொந்தப் புரோகிராம்களை அந்த நிறுவனமே சீர்செய்து தருகிறது. வாடிக்கையாளர் தம் தேவைக்கு எழுதிச் சேர்த்தவற்றை வாடிக்கையாளரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்கும் பெயர் கொண்டவை என்பதால், துறையில் அவற்றை இசட் புரோகிராம் என்றே சொல்வார்கள். பழைய நிறுவனங்களில் இவை ஆயிரக்கணக்கில் கிடக்கும். எஸ்ஏபியின் நிரல்மொழியான அபாப்பில் எழுதியவர்கள் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட் என்று மனத்தில் கொண்டு எழுதினார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவை இன்னொரு பதிவின் மேல் பைட் பைட்டாகக் கொட்டினார்கள். டேப் குறியை 09 என்ற ஹெக்ஸ் மதிப்பாக எழுதி எழுத்துகளோடு ஒட்டினார்கள். கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியீட்டில் என்று சொல்லாமல் திறந்தார்கள். யூனிகோட் அமைப்பில் இவையெல்லாம் பிழை. இவற்றைத் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுக்க யூசிசெக் என்ற கருவி இருக்கிறது. அது காட்டும் பிழைகளில் பெரும்பாலானவை அலுப்பான, ஆனால் எளிய திருத்தங்கள். பழைய அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாற்றத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, இதை முடித்துவிடலாம் என்பது இதிலுள்ள வசதி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இசட் புரோகிராம்களில் கணிசமானவற்றை யாரும் பல ஆண்டுகளாகத் தொடவே இல்லை என்பதும் தெரியவரும். அவற்றைத் திருத்துவதைவிட நீக்குவது மலிவு.

கருவிக்குப் பிடிபடாத இடங்கள்தான் ஆபத்தானவை. அவற்றில் முதலாவது, வெளியே போகும் கோப்புகள். ஒரு வங்கிக்கு அனுப்பும் சம்பளக் கோப்பில் பெயருக்கு முதல் 40 பைட், 41ஆவது பைட்டிலிருந்து தொகை என்று அமைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மியுலர் என்ற ஜெர்மன் பெயரில் யு எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டு. லத்தீன்-1இல் அது ஒரு பைட், யூடிஎஃப்-8இல் இரண்டு. அந்த ஒரு வரியில் மட்டும் தொகை 42ஆவது பைட்டுக்கு நகர்ந்துவிடும். மற்ற வரிகள் சரியாக இருக்கும். சோதனைக்குப் புள்ளி வைத்த எழுத்தே இல்லாத பெயர்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு எல்லாமே சரியாகத் தெரியும். மாதக் கடைசியில் நிஜமான சம்பளம் ஓடும்போதுதான் வங்கி கோப்பைத் திருப்பி அனுப்பும். மாற்றத்துக்கான சோதனை என்றால் அது நிறுவனத்தின் நிஜமான பெயர்களையும் நிஜமான முகவரிகளையும் கொண்டு, கோப்பைப் பெறுகிறவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். பெறுகிறவர் பழைய குறியீட்டைத்தான் கேட்கிறார் என்றால், கோப்பை எழுதும் இடத்தில் லத்தீன்-1 என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. அச்சுப்பொறிகளிலும் சின்னச் சின்னச் சிக்கல்கள் வரும். கிடங்குகளில் லேபிள் அடிக்கும் பழைய இயந்திரங்களில் பல யூனிகோடைக் கேள்விப்பட்டதே இல்லை.

தரவுப் பகுதியில், ஒரே கோட் பேஜ் வைத்திருப்பவருக்குக் கவலை அதிகம் இல்லை. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற பட்டியல் தயாராக இருக்கிறது, கருவி அதைப் பார்த்து மாற்றிவிடும். எம்டிஎம்பி வைத்திருப்பவருக்கோ ஒவ்வொரு பதிவும் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். பொருள் விவரம் போன்ற சில அட்டவணைகளில் மொழிக்கென ஒரு புலம் இருக்கும், அங்கே வேலை எளிது. மற்ற இடங்களில் எஸ்ஏபியின் கருவி தரவுத்தளம் முழுவதையும் துழாவி, ஆஸ்கி அல்லாத பைட் உள்ள சொற்களையெல்லாம் பொறுக்கி ஒரு சொற்பட்டியல் தயாரிக்கும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் மொழியைக் குறிக்க வேண்டும். நாட்டுக் குறி ஜப்பான் என்று இருந்தால் ஜப்பானியம் என்பது போன்ற விதிகளால் பெரும் பகுதியைத் தானாகவே தீர்த்துவிடலாம். அப்படியும் தீராமல் எஞ்சும் சொற்களை அந்தந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே பைட் வரிசை இரண்டு மொழிகளில் இரண்டு சொற்களாக வாசிக்கப்படக்கூடும். அங்கே எந்தக் கருவியும் உதவாது. தவறாக மாறிப்போனவற்றை மாற்றத்துக்குப் பிறகு திருத்தவும் வழி உண்டு, ஆனால் அதற்குள் அந்தப் பெயர்கள் பில்லிலும் ஆர்டரிலும் அச்சாகிப் போயிருக்கும்.

மாற்றத்தைத் தள்ளிப்போடுவதன் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. 1997இல் தைவான் கிளையில் ஒரு பதிவு எப்படி உள்ளே போனது என்று தெரிந்தவர் இன்னும் வேலையில் இருக்கும்வரை, குழம்பிய சொல்லுக்கு அரை மணியில் விடை கிடைக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டால், தொடர்பான பழைய ரசீதைத் தேடி எடுத்துத்தான் அது என்ன எழுத்து என்று ஊகிக்க வேண்டும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு, அது எந்த மென்பொருளில் இருந்தாலும், இதைவிட வினோதமான ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அம்மா என்ற சொல், கணினியின் கண்ணில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு மட்டும்தான். அந்தத் தரவை லத்தீன்-1இலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் கருவி ஒரு பிழையும் காட்டாமல் வேலையை முடிக்கும். அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளும் யூனிகோடிலும் அதே ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். இவற்றுக்கு எழுத்துரு மாற்றி கொண்டு தனியாக ஒரு சுற்று ஓட்ட வேண்டும். திஸ்கி போன்ற குறியீடுகளில் தமிழ் மேல்பாதி 128 இடங்களில் உட்கார்ந்திருப்பதால், கருவி அதைப் பிரெஞ்சு, ஜெர்மன் சிறப்பெழுத்துகளாக எடுத்துக்கொண்டுவிடும். தமிழ், ஆங்கிலம் இரண்டும் கலந்த புலமாக இருந்தால் எந்தச் சொல் எது என்று பிரிப்பது இன்னொரு வேலை. புலத்தின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். எஸ்ஏபியில் வாடிக்கையாளர் பெயருக்கு 35 குறிகள் இடம். ஜப்பானியருக்கு யூனிகோடால் இதில் லாபம்: ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்பதால் முன்பு 17 எழுத்துதான் எழுத முடிந்தது, இப்போது 35. தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அந்த 35 இருபது எழுத்துக்குள் தீர்ந்துவிடலாம்.

எல்லாம் தயாரான பிறகு மாற்றும் நாள் வருகிறது. தரவுத்தளம் முழுவதையும் கோப்புகளாக வெளியே எடுத்து, எடுக்கும்போதே குறியீட்டை மாற்றி, புதிய தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். அதுவரை பில் போட முடியாது, லாரி கிளம்பாது. பல டெராபைட் தரவு இருந்தால் ஒரு வாரக் கடைசிக்குள் இதை முடிப்பதே பெரும் சாதனை. பெரிய அட்டவணைகளைத் துண்டாக்கிப் பல சர்வர்களில் ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். அதற்கு முன் உற்பத்தி அமைப்பின் முழு நகலில் குறைந்தது இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்தாக வேண்டும். பழைய ஆண்டுக் கணக்குகளை முன்கூட்டியே காப்பகத்துக்கு அனுப்பி உடலை இளைக்க வைப்பதுதான் நேரத்தைக் குறைக்கும் மலிவான வழி.

இந்த ஏற்றி இறக்கும் வேலை, வேறு வன்பொருளுக்கோ வேறு தரவுத்தளத்துக்கோ குடிபெயரும்போது செய்கிற வேலையேதான், கருவியும் அதே கருவி. எப்போது மாறுவது என்ற கேள்விக்கு நடைமுறை விடை பெரும்பாலும் இதிலிருந்தே கிடைக்கிறது. யூடிஎஃப்-16இல் இரண்டு பைட்டில் எது முன்னால் வரும் என்பது செயலியின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால், பழைய யூனிக்ஸ் இயந்திரத்தில் யூனிகோட் மாற்றத்தை முடித்துவிட்டு மறுவருடம் இன்டெல் லினக்ஸுக்குப் போகிற நிறுவனம் தரவு முழுவதையும் இரண்டாவது முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்வதே கணக்கு. பதிப்பு உயர்த்தலையும் யூனிகோட் மாற்றத்தையும் ஒரே நிறுத்தத்தில் செய்ய எஸ்ஏபியே வழி செய்து கொடுத்தது. எம்டிஎம்பி வைத்திருந்தவர்களுக்கு ஆர்/3இன் பழைய 4.6சி பதிப்பிலிருந்து ஈசிசி 6.0க்குத் தாவ அதுவே பாதை. இப்படிச் சேர்த்துச் செய்யும்போது ஒரு பிழை வந்தால் அது பதிப்பால் வந்ததா, குறியீட்டால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். சோதனைக்கு ஆள் குறைவாக உள்ள நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாகச் செய்ததும் அதனால்தான்.

ஒரே கோட் பேஜ் வைத்திருந்தவர்களின் அவகாசமும் பிற்பாடு சுருங்கியது. எஸ்ஏபி மென்பொருள்களுக்கு அடித்தளமான நெட்வீவரின் 2015இல் வந்த 7.5 பதிப்பு யூனிகோட் அல்லாத அமைப்பை ஏற்பதில்லை. எஸ்ஏபியின் ஹானா தரவுத்தளமும் அதன் மேல் ஓடும் எஸ்/4 ஹானாவும் யூனிகோடில் மட்டுமே இயங்குபவை. ஈசிசி 6.0இன் பிந்தைய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரை, கூடுதல் கட்டணத்தில் 2030 வரை என்று எஸ்ஏபி அறிவித்திருக்கிறது. எஸ்/4 ஹானாவுக்குத் தரவோடு இடம் மாற நினைப்பவர் யூனிகோட் மாற்றத்தைக் கடந்தே ஆக வேண்டும். புதிதாக நிறுவி, நிலுவைக் கணக்கையும் முதன்மைத் தரவையும் மட்டும் கொண்டுபோகிறவர் அதைத் தவிர்க்கலாம். பழைய அமைப்பை வாசிக்க மட்டும் சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு மூடிவிடலாம். குறுகிய காலத்தில் விற்கப்படவோ மூடப்படவோ இருக்கும் ஒரு கிளையின் தனி அமைப்பை மாற்றாமல் விடுவதும் நியாயமான முடிவுதான். மற்றவர்கள் ஹானா திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்படும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கக்கூடிய வேலைகள் மூன்று: இசட் புரோகிராம்களை யூசிசெக் கொண்டு சரிபார்ப்பது, வெளியே போகும் கோப்பு ஒவ்வொன்றும் எந்தக் குறியீட்டில் போகிறது என்று எழுதி வைப்பது, எந்த அட்டவணையில் எந்த மொழித் தரவு கிடக்கிறது என்பதை அது தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. முதல் இரண்டையும் வெளியாளை வைத்து எந்த ஆண்டிலும் செய்துகொள்ளலாம். மூன்றாவதற்கு அந்தக் கிளையில் பல காலம் வேலை பார்த்தவர்தான் வேண்டும்.